100 எம்பிபிஎஸ் பணம் கட்டி 8 எம்பிபிஎஸ் வாங்குகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பிராட்பேண்ட் இணைப்பும் எடுத்தாயிற்று. முதல் ஒரு வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். பிறகு ஒரு நாள் வீடியோ பாதியில் நின்று, திரையின் நடுவே அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். உடனே என்ன செய்கிறோம்? ரவுட்டரின் சுவிட்சை அணைத்துப் போடுகிறோம். சரியாகவில்லை என்றால் கஸ்டமர் கேருக்குப் போன். அவர்களும் "சார், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். மூன்றாவது முறை போன் செய்யும்போது, "உங்க பிளான் பத்தாது சார், அடுத்த பிளானுக்கு மாறிடுங்க" என்ற யோசனை வரும்.

சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே யோசனைதான் கிடைத்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு. கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வு அத்துடன் முடிந்துவிடும் என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள். பயிற்சித் தேர்வு எழுதிப் பார்த்தபோது இரண்டு முறை அறுந்துவிட்டது. சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினார்.

"தம்பி, 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்றாங்க. மாசம் நானூறு ரூபா கூட. மாறிடலாமா?"

"இருங்க சார், முதல்ல வேகம் எங்க போகுதுன்னு பாத்துடலாம்" என்று லேப்டாப்பையும் ஒரு லேன் கேபிளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அங்கே செய்த சோதனைகள் எல்லாம் நீங்களே உங்கள் வீட்டில் செய்யக்கூடியவை. தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. அரை மணி நேரமும் ஒரு கேபிளும் போதும்.

பிட் வேறு, பைட் வேறு

முதலில் ஒரு கணக்கு. பிராட்பேண்ட் நிறுவனம் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 100 மெகாபிட். நீங்கள் ஒரு ஃபைலை டவுன்லோடு செய்யும்போது பிரவுசர் காட்டும் வேகம் மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். நடைமுறையில் 11, 11.5 வந்தாலே முழு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். "நூறு கேட்டேன், பதினொன்றுதான் வருகிறது" என்று சண்டைக்குப் போன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பெயர் வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்டால் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிடலாம். 700 மெகாபைட் ஃபைல் என்பது 5600 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 56 வினாடி. அதுவே 8 எம்பிபிஎஸ் வேகத்தில் 700 வினாடி, அதாவது ஏறக்குறைய 12 நிமிடம்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது 256 கேபிபிஎஸ் என்பதே பெரிய வேகம். 2004ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையும் 256 கேபிபிஎஸ்ஸைத்தான் குறைந்தபட்சமாக வைத்திருந்தது. 2013ல் அது 512 ஆனது. 2023ல் 2 எம்பிபிஎஸ் ஆனது. அந்தக் காலத்து 256ல் அதே 700 மெகாபைட்டை இறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது லைன்தான் குறுகல். வைஃபை அதைவிடப் பல மடங்கு அகலம். இன்று பெரும்பாலான வீடுகளில் நிலைமை தலைகீழ். ஃபைபர் வாசல் வரை வெள்ளமாகக் கொண்டுவந்து கொட்டுகிறது, வீட்டுக்குள்தான் சொட்டுகிறது.

வேகம் எங்கே தொலைகிறது?

மின்கம்பத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் வரை உள்ள பாதையை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுப் பெட்டி வரை ஒன்று. பெட்டியிலிருந்து ரவுட்டர் வழியாக அதன் லேன் போர்ட் வரை இரண்டாவது. ரவுட்டரின் ஆன்டெனாவிலிருந்து கம்ப்யூட்டர் வரை காற்றில் போவது மூன்றாவது. முதல் துண்டு நிறுவனத்தின் பொறுப்பு. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் பொறுப்பு. எந்தத் துண்டில் கோளாறு என்று தெரியாமல் பிளானை மாற்றுவது, குழாயில் ஓட்டை இருக்கும்போது பெரிய மோட்டார் வாங்குவது போல.

சாரின் வீட்டில் முதலில் மாடி அறையில், மகள் தேர்வு எழுதப்போகும் மேஜையில் உட்கார்ந்து ஸ்பீட்டெஸ்ட் டாட் நெட் தளத்தில் வேகத்தைப் பார்த்தோம். 8 எம்பிபிஎஸ். மறுபடி பார்த்தால் 5. இன்னொரு முறை 11. கீழே ஹாலுக்கு வந்து ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தோம். 38. அடுத்து லேன் கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் ஒரு முனையும் லேப்டாப்பில் மறுமுனையுமாகச் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தோம். 94.

மூன்று எண்களும் சேர்ந்து முழுக் கதையையும் சொல்லிவிட்டன. 100க்குப் பணம் கட்டுகிறார். ரவுட்டர் வரை 94 வருகிறது. நிறுவனத்தின் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே காற்றில் 56 போய்விட்டது. மாடி ஏறுவதற்குள் இன்னும் 30 போய்விட்டது.

வைஃபையை அணைக்க மறக்காதீர்கள். கேபிளைச் செருகிவிட்டு வைஃபையையும் ஆன் செய்தே வைத்தால், எதன் வழியாக அளந்தோம் என்ற சந்தேகம் வரும். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளில் லேன் போர்ட்டே இருப்பதில்லை. அவற்றுக்கு யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது கிகாபிட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சோதனை செய்யும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் டிவியிலோ மொபைலிலோ படம் பார்க்காமல் இருப்பதும் முக்கியம்.

பிங் சொல்லும் சேதி

ஸ்பீட் டெஸ்ட் வேகத்தைச் சொல்லும். இணைப்பு ஏன் அறுகிறது என்று அது சொல்லாது. அதற்கு பிங் என்ற பழைய கட்டளை இருக்கிறது. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டினால், டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி.

இப்போது பிங் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும், மீண்டும் ஓர் இடம் விட்டு ஒரு மைனஸ் குறியையும் அதை ஒட்டி டி என்ற ஆங்கில எழுத்தையும் போட்டு என்டர் தட்டுங்கள். வினாடிக்கு ஒரு வரி ஓடும். ஒவ்வொரு வரியிலும் டைம் என்பதற்கு எதிரே உள்ள எண், உங்கள் கம்ப்யூட்டர் ரவுட்டரைக் கூப்பிட்டுப் பதில் வாங்க ஆன மில்லிசெகண்ட். நிறுத்த, கன்ட்ரோல் கீயுடன் சி எழுத்தை அழுத்த வேண்டும்.

கேபிளில் இருந்தால் எல்லா வரியிலும் 1 அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். நல்ல வைஃபையில் 2, 3, 5 என்று ஓடும். சாரின் மாடி அறையில் 3, 4, 310, 6, 188 என்று ஓடியது; நடுநடுவே ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்ற வரி. கூப்பிட்டேன், பதிலே வரவில்லை என்று அர்த்தம். தன் வீட்டு ரவுட்டரையே எட்ட முடியாத கம்ப்யூட்டர், வேறு ஊரில் இருக்கும் தேர்வு சர்வரை எப்படி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்? பயிற்சித் தேர்வு அறுந்ததற்குக் காரணம் அந்த இடத்தில் பிடிபட்டது.

அடுத்து அதே கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்குக் கொடுத்துப் பாருங்கள். இது கூகுளின் சர்வர். ரவுட்டருக்குப் போகும் பிங் ஒழுங்காக இருந்து, 8.8.8.8க்குப் போகும் பிங் மட்டும் தடுமாறினால் கோளாறு வீட்டுக்கு வெளியே. ரவுட்டருக்குப் போகும் பிங்கே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், பேச்சு பாதி நேரத்தில் முடியும்.

200க்கு மாறியிருந்தால்?

இப்போது அந்த நானூறு ரூபாய்க்கு வருவோம். சாரின் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று. அதிலிருந்து ஒரு சிறு கேபிள் வழியாக, அவர் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரவுட்டர். அந்த ரவுட்டரின் அட்டைப்பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 300 எம்பிபிஎஸ் என்று இருந்தது. "முந்நூறு வரைக்கும் தாங்கும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க தம்பி" என்றார்.

பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். போர்ட்டுகள் எல்லாம் 10/100. அதாவது கேபிள் வழியாக அந்த ரவுட்டருக்குள் 100க்கு மேல் நுழையவே முடியாது. 100 போர்ட்டில் தகவலைச் சுமக்கும் செலவு போக 94, 95தான் கையில் கிடைக்கும். அவர் 200 பிளானுக்கு மாறியிருந்தால், மாதா மாதம் நானூறு ரூபாய் கூடக் கட்டி, அதே 94ஐத்தான் வாங்கியிருப்பார். மாடி அறையில் அதே 8.

அப்படியானால் 300 எங்கிருந்து வந்தது? அது வைஃபையின் ஏட்டு வேகம். இரண்டு ஆன்டெனாவையும் பயன்படுத்தி, 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும் தனக்கே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வேறு வைஃபையே இல்லாத இடத்தில் ரேடியோ பேசக்கூடிய வேகம். சாலிகிராமத்திலோ சிட்லபாக்கத்திலோ அப்படி ஓர் இடம் கிடையாது. அக்கம்பக்கத்தில் வைஃபை இருந்தால் ரவுட்டர் தானாகவே 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஏட்டு வேகம் 144 ஆகிவிடும். அதிலும் பாதிக்குமேல் கட்டுப்பாட்டுத் தகவலுக்கும் காத்திருப்புக்கும் போய்விடும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபையும் இதே வரிசையில்தான் நிற்கிறது.

1200 என்று எழுதிய ரவுட்டர்களிலும் இதே கதை உண்டு. அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டிப் போட்ட எண். உங்கள் ஒரு லேப்டாப் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதில்லை. அதிலும் சில மலிவான மாடல்களில் பின்பக்கம் பழைய 100 போர்ட்டே இருக்கிறது. ரவுட்டர் வாங்கப் போனால் முன்பக்க எண்ணைப் பார்க்காதீர்கள். போர்ட்டுகள் கிகாபிட்டா, 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

அலமாரிக்குள் அடைபட்ட ரவுட்டர்

மூன்றாவது துண்டு, காற்று. சாரின் ரவுட்டர் ஹாலில் மர ஷோகேஸுக்குள், டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸுக்கும் ஒரு வெண்கலக் குத்துவிளக்குக்கும் நடுவே இருந்தது. "வயர் எல்லாம் வெளியில தெரிஞ்சா நல்லாருக்காதுன்னு வீட்டுல சொன்னாங்க" என்றார். நம் வீடுகளில் பாதிக்குமேல் இந்தக் காரணத்தால்தான் ரவுட்டர் ஒளித்துவைக்கப்படுகிறது!

வைஃபை அலைக்கு உலோகம் சுவர் மாதிரி. டிவியின் பின்பக்கத் தகடு, ஸ்டீல் பீரோ, ரசம் பூசிய நிலைக்கண்ணாடி, எல்லாம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் அதை உறிஞ்சிவிடும்; ரவுட்டருக்குப் பக்கத்தில் மீன் தொட்டி வேண்டாம். செங்கல் சுவர் ஓரளவு விடும். கான்கிரீட் தளம், அதற்குள் கட்டிய கம்பியோடு, மிக மோசம். தாம்பரம் பக்கத்துத் தனி வீடுகள் பெரும்பாலும் கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். ரவுட்டர் கீழே ஹாலில். பிள்ளைகள் படிப்பது மேலே. இடையில் அந்தக் கம்பி வலை. சாரின் மகள் அறையில் இது போதாதென்று, மேஜைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு பீரோ.

ரவுட்டரை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, படிக்கட்டின் கீழே சுவரில் ஆறடி உயரத்தில் தற்காலிகமாக மாட்டினோம். மாடியில் 8 எம்பிபிஎஸ் 19 ஆனது. செலவு ஓர் ஆணி.

அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல் எண்கள் இருந்தாலும், ஒன்றோடு ஒன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். மொபைலில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று மேடு மேடாகத் தெரியும். சாரின் வீட்டு மாடியில் பதினான்கு வைஃபை தெரிந்தன. எட்டு பேர் 6ல், நம்மவரும் 6ல். பிரவுசரின் முகவரிப் பட்டையில் ரவுட்டரின் எண்ணை டைப் செய்து, அதன் பக்கத்தைத் திறந்து, வயர்லெஸ் என்ற பிரிவில் சேனலை ஆட்டோவிலிருந்து 11க்கு மாற்றினோம். கூட்டம் எப்போது எங்கே நகரும் என்று சொல்ல முடியாது. அதனால் இது நிரந்தரத் தீர்வும் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே 2.4ல்தான் இயங்குகின்றன. சமையலறையில் பால் சுடவைக்கும்போது மட்டும் வீடியோ நின்றால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் திறன் குறைவு. ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5. தளம் மாறினால் 2.4 என்பது தோராயமான கணக்கு. உங்கள் லேப்டாப் எதில் இருக்கிறது என்று பார்க்க, விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபையின் ப்ராப்பர்டீஸைத் திறங்கள். நெட்வொர்க் பேண்ட் என்ற வரியில் எழுதியிருக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால், எதில் சேர வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

சிக்னலை இழுத்து நீட்டும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பேசுவதால் வேகம் பாதியாகும். மேலும், சிக்னல் மோசமாக இருக்கும் இடத்திலேயே அதை மாட்டினால், மோசமான சிக்னலைத்தான் அது சத்தமாகச் சொல்லும். என் ஓட்டு கேபிளுக்குத்தான்.

கேபிளிலும் ஏமாறலாம்

ரிச்சி தெருவுக்குப் போக நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மேற்குத் தாம்பரத்தில் திறந்திருந்த ஒரு கடையில் 20 மீட்டர் கேட்6 கேபிள் கேட்டோம். முதலில் காட்டியது விலை குறைவாக இருந்தது. கையில் எடுத்தால் காற்று போல எடையே இல்லை. அது சிசிஏ; அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்பு பூசியது. கொஞ்சம் மடங்கினால் உள்ளே ஒடிந்துவிடும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும்.

லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அவற்றில் இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு கம்பி ஒடிந்தாலும் கிகாபிட் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. 300 பிளான் எடுத்தவருக்கு எப்போது பார்த்தாலும் 94லேயே நின்றால் பிளானைச் சந்தேகிக்காதீர்கள். கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் ப்ராப்பர்டீஸில் லிங்க் ஸ்பீடு என்ற வரியில் 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா என்று எழுதியிருக்கும். பழைய வீடுகளில் கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், லாக் உடைந்து ஆடிக்கொண்டிருக்கும் பிளக், இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

கோளாறு வெளியே இருந்தால்

எல்லாக் குற்றத்தையும் வீட்டின் மேல் போட்டுவிட முடியாது. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை, தெருவில் வடிகால் வேலை நடந்த வாரத்தில், இணைப்பு தினமும் பத்துப் பதினைந்து முறை அறுந்தது. ரவுட்டருக்கு பிங் 1, 1, 1. 8.8.8.8க்கு மட்டும் விட்டு விட்டு டைம்டு அவுட். ஃபைபர் பெட்டியின் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, ஆப்டிகல் என்ற பிரிவில் ஆர்எக்ஸ் பவர் என்ற எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 28 டிபிஎம்.

இது ஃபைபர் வழியாக வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று அர்த்தம். வீட்டு ஃபைபர் இணைப்பில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் பெட்டி சரியாகப் படிக்க மைனஸ் 27 வரைதான் எல்லை. மைனஸ் 15 முதல் 25க்குள் இருந்தால் கவலையில்லை. கஸ்டமர் கேரில் அந்த எண்ணையும், அறுந்த நேரங்களையும் சொல்லிப் புகார் எண் வாங்கினேன். மறுநாள் வந்தவர் தெருமுனைக் கம்பத்தில் இழுபட்டு மடங்கியிருந்த ஃபைபரை வெட்டி மறுபடி ஒட்டினார். மைனஸ் 21 ஆனது. மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதி. ஏழு டெசிபல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் அதுவரை வந்துகொண்டிருந்தது.

ஃபைபர் கண்ணாடி இழை. அதை ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டுவது, ஆணி அடித்து இறுக்குவது, சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவது எல்லாம் கூடாது. இறுக்கமாக மடங்கும் இடத்தில் ஒளி கசிந்துவிடும். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, நேராகப் புகார்தான். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தீங்கு செய்யக்கூடியது.

பகலெல்லாம் நன்றாக இருந்து இரவு 8 முதல் 11 வரை மட்டும், கேபிளிலும்கூட, வேகம் இறங்கினால் அது நெரிசல். ஜிபானில் ஒரு ஃபைபரின் 2.5 கிகாபிட்டை 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்கிட்டுக்கொள்கின்றன. மாதக் கடைசியில் மட்டும் இறங்கினால் உங்கள் பிளானின் டேட்டா அளவு தீர்ந்திருக்கலாம். அன்லிமிட்டெட் என்று எழுதிய பல பிளான்களிலும் குறிப்பிட்ட ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கும் விதி சிறிய எழுத்தில் இருக்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்றன. கரண்டும் இல்லை, இணைப்பும் இல்லை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரை கடந்தபோது, சென்னையில் கரையேறும் கடலடி கேபிள் பாதிக்கப்பட்டு இன்டர்நெட் வேகம் குறைந்தது. அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

டிராய் அமைப்பு 2006ல் வெளியிட்ட தர விதிகள், பதிவு செய்த வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்று கூறின. அந்த அளவு நிறுவனத்தின் முனையிலிருந்து உங்கள் இணைப்பு வரைக்கும்தான். உங்கள் மாடி அறை வைஃபைக்கு அல்ல. எனவே புகார் செய்யும்போது கேபிளில் எடுத்த வேகத்தைத் தேதி, நேரத்தோடு சொல்லுங்கள். புகார் எண் வாங்கியும் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தில் அப்பெல்லேட் அத்தாரிட்டி என்ற மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012ஆம் ஆண்டு டிராய் விதிகளில் வந்த ஏற்பாடு இது.

இன்னும் சில

அடாப்டரைப் பாருங்கள். ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து உயிர் பெற்றால், பெரும்பாலும் அடாப்டர் வயதாகிவிட்டது. மாற்றும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். 12 வோல்ட் கேட்கும் ரவுட்டருக்கு வேறு பெட்டியின் 9 வோல்ட்டைச் செருகினால் ஓடுவது போலத் தெரிந்து படுத்துவிடும்.

யார் யார் உங்கள் வைஃபையில் இருக்கிறார்கள் என்று ரவுட்டரின் பக்கத்தில் பட்டியல் கிடைக்கும். சாரின் வீட்டில் நான்கு பேர். பட்டியலில் பதினோரு கருவிகள். காலிசெய்துபோன மாடி வாடகைக்காரருக்குக் கொடுத்த பாஸ்வேர்டு தெரு முழுக்கச் சுற்றியிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றியதும் ஆறாகக் குறைந்தது.

டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் வேகம் கூடும் என்று படித்திருப்பீர்கள். தளம் திறக்கத் தொடங்கும் தாமதம் வேண்டுமானால் குறையும். டவுன்லோடு வேகம் கூடாது. இன்டர்நெட் ஸ்பீடு பூஸ்டர் என்ற பெயரில் வரும் சாஃப்ட்வேர்களைத் தொடவே வேண்டாம். ஒடிந்த கம்பியை எந்த சாஃப்ட்வேரும் ஒட்டாது.

திங்கட்கிழமைக்கு வருவோம். புது ரவுட்டர் வாங்கவில்லை. பிளானையும் மாற்றவில்லை. அந்த 20 மீட்டர் கேபிள் ஹாலிலிருந்து படிக்கட்டு ஓரமாக ஏறி, கதவடியில் நுழைந்து, மகளின் லேப்டாப்பில் போய்ச் சேர்ந்தது. கதவு நசுக்காமல் இருக்க அதன் கீழே பழைய செய்தித்தாளை மடித்துச் செருகினோம். மாடி மேஜையில் 94. ரவுட்டருக்கு பிங் 1, 1, 1. தேர்வு இரண்டரை மணி நேரம். ஒருமுறைகூட அறுக்கவில்லை என்று மதியம் சொன்னார்கள். முடிவு வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

கேபிள் இன்னும் படிக்கட்டில்தான் கிடக்கிறது. சாரின் வீட்டம்மாவுக்கு அது கண்ணை உறுத்துகிறதாம். அடுத்த வாரம் எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லி, சுவரோரம் பிவிசி பட்டியில் விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.